என் தம்பியைப் பார்க்க ஆள் அனுப்புகிறவர்களுக்கு

வணக்கம்.

அறிவுசார் குறைபாடும் வளர்ச்சிசார் குறைபாடும் உள்ளவர்களின் வீடு தேடிப் போகும் களப்பணியைத் திட்டமிடுகிறவர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும், ஆண்டுக் கடைசியில் "இத்தனை பேரைச் சென்றடைந்தோம்" என்று அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நடந்து வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய பணியாளர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களை எத்தனை முறை, எத்தனை நாளைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம்தான் பேச வேண்டும்.

என் தம்பிக்கு இப்போது 41 வயது. அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது முதல் ஆள் வந்தார். அன்றிலிருந்து இன்று வரை வெவ்வேறு திட்டங்களின் பெயரில் 17 பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் கொடுத்த தாளை அம்மா ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். கணக்கு அப்படித்தான் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "பிறந்ததும் குழந்தை அழுதுச்சா?"

அழவில்லை. அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரிகிறது. பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் நாற்பது வயது மனிதனைப் பார்க்க வந்தவர் அதையே மறுபடி கேட்கும்போது, 73 வயதான அம்மா மறுபடியும் அந்தப் பிரசவ அறைக்குள் போய்விட்டு வருகிறார். சொல்லி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்வார். முன்பு வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனதெல்லாம் எங்கே போனது? ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்ததாக ஒருமுறைகூடத் தெரியவில்லை.

இந்த 17 பேரில் 15 பேர் ஒருமுறையோ இரண்டு முறையோ வந்தவர்கள். ஒருவர் நான்கு முறை வந்தார். ஒரே ஒருவர் மூன்று வருடம், மாதம் ஒருமுறை வந்தார். நான் சொல்ல வந்தது அந்த ஒருவரைப் பற்றி. அவர் வந்த மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் நடந்தது, மற்ற 16 பேர் வந்து போனபோது ஏன் நடக்கவில்லை என்பதைப் பற்றி.

அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். தம்பிக்கு 33. முதல் நாள் வாசலில் நின்று, அம்மாவைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, "அண்ணா, உள்ளே வரலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தம்பிக்கு அது தன்னிடம் கேட்ட கேள்வி என்றே தெரியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா "வாம்மா" என்று சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பெண் லேசாகக் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். தம்பி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தான்.

அதற்கு முன்னால் வெளியாள் யாரும் அவனை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. "என்னடா கண்ணா, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார்கள், அவனைவிடப் பத்து வயது சின்னவர்கள்கூட. படிவங்களில் அவன் இன்னமும் "பையன்". நரைத்த தலையோடு உட்கார்ந்திருப்பவனை முன்னால் வைத்துக்கொண்டு, "இவன் தானா குளிப்பானா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். நான் அவன் அக்கா. "அவன்" என்று எழுத எனக்கு உரிமை உண்டு. வருகிறவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? "மனவளர்ச்சி குன்றியவர்" என்ற சொல்லை விட்டுவிட்டு இப்போது நல்ல சொற்களைப் பயன்படுத்துகிறீர்கள். நல்லது, வரவேற்கிறேன். அதோடு நீ, நீங்கள் என்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை.

முதல் மாதம் அந்தப் பெண் படிவத்தை வெளியே எடுக்கவே இல்லை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வந்தா, உட்கார்ந்தா, போயிட்டா. என்ன வேலை இது?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் எழுதியதை மூன்றாவது மாதம் எங்களுக்குப் படித்துக் காட்டினார். தம்பி எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறான், சந்தோஷமாக இருந்தால் என்ன சத்தம் போடுகிறான், எந்தக் கையால் எடுக்கிறான், சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது, கேள்வி கேட்டபின் பதில் வர எத்தனை நொடி எடுக்கிறான், எல்லாம் இருந்தது. பதினோரு நொடி என்று எழுதியிருந்தார். நான் முப்பது வருடமாக இரண்டாவது நொடியிலேயே அவனுக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்த நோட்டின் மதிப்பு எங்களுக்கு அடுத்த வருடம் தெரிந்தது.

தம்பி திடீரென்று தன் கன்னத்தில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். அம்மா பக்கத்தில் போனால் பிடித்துத் தள்ளினான். ராத்திரி தூக்கம் இல்லை. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். "இவங்களுக்கு வயசு ஏற ஏற இந்த மாதிரி முரட்டுத்தனம் வரும்" என்று சொல்லி, அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாயைத் திறந்து பார்க்கவில்லை. மாத்திரை போட்டதும் அவன் நாள் முழுக்கத் தூங்கினான்; விழித்தால் மறுபடி அடித்துக்கொண்டான். நாங்களும் நம்பிவிட்டோம். இனி இப்படித்தான் போல என்று அம்மா சொல்லிவிட்டார்.

அந்த மாதம் வந்த பணியாளர் அவனைப் பார்த்ததும் சொன்னது: "அண்ணா இப்படி இருக்க மாட்டாரே." நோட்டைப் புரட்டினார். முந்தைய இரண்டு மாதமும் அவன் வலது பக்கமாக மட்டும் மென்று சாப்பிட்டதைக் குறித்து வைத்திருந்தார். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை, எழுதி மட்டும் வைத்திருக்கிறார். அடித்துக்கொள்வது இடது கன்னத்தில். பல் மருத்துவரிடம் போகலாம் என்றார். கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுத்த மூன்றாம் நாள் அடித்துக்கொள்வது நின்றுவிட்டது.

ஆறு வாரம் அவன் அந்த வலியோடு இருந்தான். சொல்லிக்கொண்டேதான் இருந்தான், கையால்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் இதற்குப் பெயரே இருக்கிறது என்று தெரிந்தது. ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு இருப்பது தெரிந்ததும், அவரிடம் தெரிகிற வேறு எந்த அறிகுறியையும் அந்தக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கத்தை 1982-லேயே அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் "டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்" என்று பெயர் வைத்து விவரித்திருக்கிறார்கள். முதலில் தெரிந்த நோயின் நிழல் அடுத்த நோயை மறைத்துவிடுகிறது. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் எல்லாமே "நடத்தைச் சிக்கல்" ஆகிவிடும். பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம் வரும். அது வந்தால் சோர்ந்து போவார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவார்கள். காது மந்தமானால் "சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்கிறான்" என்பார்கள்.

இதன் விலை உயிர். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் அறிவுசார் குறைபாடு உள்ள 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013-ல் ஓர் அறிக்கை வெளியானது. அவர்களில் ஆண்கள் பொதுமக்களைவிடச் சராசரியாக 13 வருடமும், பெண்கள் 20 வருடமும் முன்னதாக இறந்திருந்தார்கள். வசதியான, எல்லோருக்கும் இலவச மருத்துவம் உள்ள ஒரு நாட்டில் இது. அந்த இடைவெளிக்குக் குறைபாடு மட்டும் காரணமல்ல. நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சை தொடங்குவதும் தாமதமானதை அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது.

இப்போது யோசித்துப் பாருங்கள். "இவர் இப்படி இருக்க மாட்டாரே" என்ற வாக்கியத்தை யாரால் சொல்ல முடியும்? முன்பு அவர் எப்படி இருந்தார் என்று தெரிந்தவரால் மட்டும்தான். குடும்பத்தால் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் மெல்ல மெல்ல வருவது கண்ணில் படாது. அதோடு நாங்கள் களைத்துப் போனவர்கள். மருத்துவர் ஒன்று சொன்னால் எதிர்த்துப் பேசுகிற தைரியம் எங்களுக்குக் குறைவு. வீட்டோடு இருப்பவராகவும் இல்லாமல், முற்றிலும் அந்நியராகவும் இல்லாமல் நடுவில் நிற்கிற ஒருவர் தேவை. மாதம் ஒருமுறை வருகிறவர் அந்த இடத்தில் நிற்கிறார். ஒரே ஒருமுறை வருகிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அந்த இடத்தில் நிற்க முடியாது.

நீங்கள் சொல்லப் போகும் பதில் எனக்குத் தெரியும். நானே அதைப் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "ஒரே வீட்டுக்குப் பன்னிரண்டு முறை போனால் பதினொரு வீடு விடுபட்டுப் போகுமே. ஒருவருமே எட்டிப் பார்க்காத வீடுகள் எத்தனையோ இருக்கின்றனவே." நியாயமான கவலை. விடுபட்ட அந்த வீடுகளில் ஒன்றாக நாங்களும் ஒரு காலத்தில் இருந்தோம். இருந்தாலும் கேட்கிறேன்: ஒருமுறை போய்ப் படிவம் நிரப்பி வந்த அந்தப் பதினொரு வீட்டிலும் என்ன மாறியது? அதைத் திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா? திரும்பிப் போகாத வரை அந்த வீடுகளைச் "சென்றடைந்தோம்" என்று எப்படி எழுதுகிறீர்கள்?

இந்த வேலையைத் தொடங்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1969-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். சுற்றிலும் கிராமப்புறம், வீடுகள் தூரம் தூரமாக இருந்தன. குழந்தைகளைத் தினமும் ஒரு மையத்துக்கு அழைத்து வர முடியாது. அதனால் ஆசிரியர் வீட்டுக்குப் போனார், வாரம் ஒருமுறை. போய், அடுத்த வாரம் வரை செய்ய வேண்டிய சின்னச் சின்னப் பயிற்சிகளைப் பெற்றோரோடு உட்கார்ந்து முடிவு செய்தார். அடுத்த வாரம் போய் என்ன ஆனது என்று பார்த்தார். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியதற்குக் காரணம் அந்த "அடுத்த வாரம்" என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். எல்லோருக்கும் அடிப்படை மருத்துவம் வேண்டும் என்று 1978-ல் உலக நாடுகள் கூடி அறிவித்த அல்மா அட்டா பிரகடனத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பணியும் அதே எண்ணத்தில் பிறந்தது: பெரிய நகரத்து நிபுணருக்காகக் காத்திருக்காமல், உள்ளூரிலேயே இருக்கிற ஒருவர் பயிற்சி எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குப் போவது. உள்ளூர்க்காரர் என்றாலே திரும்பத் திரும்பப் பார்க்கிறவர் என்றுதானே பொருள்? 2010-ல் வந்த அதன் வழிகாட்டி நூல்களில் உடல்நலம், கல்வி, பிழைப்பு, சமூக வாழ்க்கை, அதிகாரம் பெறுதல் என்று ஐந்து பகுதிகள் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டைத் தாண்டவில்லை. தம்பிக்குப் பதினெட்டு வயதானபின் அந்த இரண்டும் நின்றுவிட்டன.

ஆமாம், வயது. அதையும் சொல்ல வேண்டும். உங்கள் திட்டங்களில் பெரும்பாலானவை குழந்தைகளுக்கானவை. உலக சுகாதார நிறுவனம் குடும்பங்களுக்காக உருவாக்கிய பயிற்சித் திட்டம் மிக நல்லது. ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டுச் சந்திப்புகளும் அதில் உண்டு. ஆனால் அது 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் குடும்பங்களுக்கு. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்கிறார்களே! அமெரிக்கக் கணக்குப்படி டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983-ல் சுமார் 25 வருடம். இன்று சுமார் 60. ஒரு தலைமுறைக்குள் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கூடிய அந்த 35 வருடத்துக்கு யாருடைய திட்டத்திலும் பக்கம் ஒதுக்கவில்லை. அவர்களில் பலருக்கு மறதி நோய் மற்றவர்களைவிட மிக முன்னதாக, நாற்பது ஐம்பது வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு எழுபது எண்பது வயது. இருவரும் ஒரே வீட்டில், ஒருவருக்கு ஒருவர். அந்தக் கதவைத்தான் யாரும் தட்டுவதில்லை.

சரி, திரும்பத் திரும்ப வந்ததால் கிடைத்த இன்னொன்றைச் சொல்கிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

தம்பியை ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் சேர்த்திருந்தோம். காகித உறை ஒட்டும் வேலை. அவன் போனான், வந்தான். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "ம்" என்பான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பணியாளருக்குப் போதவில்லை. எதைக் கேட்டாலும் "ஆமாம்" சொல்லிவிடுவது இவர்களில் பலருடைய பழக்கம் என்று அவர்தான் விளக்கினார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதற்குத் தலையாட்டி வந்தவர்களுக்கு, "ஆமாம்" என்பது பதிலே கிடையாது. பிரச்சினை வராமல் இருக்க ஒரு வழி. அதனால் அவர் ஒரே கேள்வியை ஒரு மாதம் ஒரு விதமாகவும் அடுத்த மாதம் தலைகீழாகவும் கேட்டார். "உறை ஒட்டப் போறது பிடிக்குமா?" என்று ஒருமுறை. "உறை ஒட்டாம வீட்ல இருக்கறது பிடிக்குமா?" என்று மறுமுறை. இரண்டுக்கும் "ம்" தான் வந்தது. அப்புறம் படங்கள் கொண்டுவந்தார். அந்த வகுப்பறையின் படம், வீட்டின் படம், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற படம். எதையும் கேட்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தம்பி வகுப்பறைப் படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். அடுத்த மாதமும் அதையே செய்தான். அதற்கு அடுத்த மாதம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான்.

இரண்டு வருடமாக அவன் பிடிக்காத இடத்துக்குப் போய் வந்திருக்கிறான். அவனுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்று எங்களுக்கு, அவனை இவ்வளவு நேசிக்கிற எங்களுக்கு, தோன்றவே இல்லை. இப்போது அவன் காலையில் பக்கத்தில் இருக்கும் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போகிறான். தண்ணீர் ஊற்றுவது அவன் பொறுப்பு.

2006-ல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான உடன்படிக்கையின் 12-வது பிரிவு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம், முடிவெடுக்க உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அந்த உதவியைத் தர வேண்டும் என்கிறது. 19-வது பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்று மற்றவர்களைப் போலவே தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. முடிவெடுக்க இப்படி உதவுவதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1996-லேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். பெரு நாடு 2018-ல் தன் சிவில் சட்டத்தையே இதற்காகத் திருத்தியது. உங்கள் கையேடுகளின் முதல் பக்கத்தில் இந்தப் பிரிவுகள் அச்சாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டம் சொல்கிற அந்த உதவி ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வரை, மூன்று மாதம் மேசை மேல் வைத்த அதே மூன்று படங்கள்தான். ஒரே நாளில் அந்தப் பதில் கிடைத்திருக்காது.

திரும்பத் திரும்ப வருவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, அறிவுசார் குறைபாடு அல்லது மனநலப் பிரச்சினை உள்ள குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட 4.6 மடங்கு. கெடுதல் செய்கிறவர்கள் பெரும்பாலும் பழகிய முகங்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே வீட்டுக்கு வருகிறவர் யார் என்று நன்றாக விசாரித்து அனுப்புங்கள். மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது என்பதை விதியாக வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் கூட வரட்டும். இதையெல்லாம்விட முக்கியம், தம்பி போன்றவர்கள் வந்தவரைப் பார்த்து "வேண்டாம், போ" என்று சொல்லக் கற்றுக்கொள்வது. அப்படிச் சொன்னால் வந்தவர் உண்மையிலேயே எழுந்து போவது. வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்டாரே, அது மரியாதைக்கு மட்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஒருநாள் தம்பி கதவைச் சாத்திவிட்டான். அந்தப் பெண் "சரிண்ணா, அடுத்த மாசம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு தூரம் வந்துவிட்டு! அன்று அவன் முகத்தில் இருந்த ஆச்சரியத்தை என்னால் விவரிக்க முடியாது. தன் பேச்சு ஒன்று நடந்துவிட்டதே என்ற ஆச்சரியம்.

அவருடைய அறிக்கையில் அந்த வருகை "தோல்வி" என்று பதிவானது. சந்திப்பு நடக்கவில்லை, எண்ணிக்கையில் சேராது. அவரே பின்னால் சொன்னார்.

மூன்று வருடம் முடிந்ததும் திட்டம் முடிந்துவிட்டது. பணம் வேறு மாவட்டத்துக்கோ வேறு தலைப்புக்கோ போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. பணியாளருக்குக் கடைசி வாரத்தில்தான் சொன்னார்களாம். அவர் எங்களுக்கு போனில் சொன்னார், அழுதுகொண்டே. தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. அவனுக்கு என்ன புரியும் என்று நினைத்துவிட்டோம். அடுத்த மாதம் அவர் வழக்கமாக வருகிற நாளில் காலையிலிருந்து வாசலில் நின்றான். நாள் கணக்கு அவனுக்கு எப்படித் தெரியும் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதற்கு அடுத்த மாதமும் நின்றான். ஏழு மாதம் நின்றான்.

அந்த ஏழு மாதத்தையும் உங்கள் திட்ட அறிக்கையில் யாராவது எழுதியிருப்பார்களா?

என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆயிரம் வீட்டுக்கு ஒருமுறை போகப் பணம் வைத்திருந்தால், நூறு வீட்டுக்குப் பத்து முறை போங்கள். அந்த நூறு எது என்று முடிவு செய்வது கடினம், மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். போகிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். அதற்கு அவருக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வைத்துவிட்டு அவர் ஏன் வேறு வேலை தேடுகிறார் என்று கேட்காதீர்கள். பிரிய வேண்டி வந்தால், பிரிவதற்கென்று மூன்று சந்திப்புகளை முதல் நாளிலேயே திட்டத்தில் எழுதி வையுங்கள். ஒன்றில் தம்பி போன்றவரிடமே நேராகச் சொல்லுங்கள். இன்னொன்றில் புதிதாக வரப்போகிறவரைக் கூட அழைத்து வாருங்கள். கடைசியில் விடைபெறுங்கள். இறப்பைத் தவிர வேறு எந்தப் பிரிவிலும் நாம் மற்றவர்களிடம் சொல்லாமல் போவதில்லையே.

குழுவில் இந்தக் குறைபாடு உள்ளவர்களையே பணியாளர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சம்பளத்தோடு. 1974-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே தங்களுக்கென்று ஒரு மாநாடு கூட்டினார்கள். "நாங்கள் முதலில் மனிதர்கள்" என்பதையே தங்கள் இயக்கத்தின் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஒரே ஒருமுறை அப்படி ஓர் இளைஞர் வந்தார், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, கையில் கோப்பு வைத்துக்கொண்டு. தம்பி அந்த அடையாள அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அம்மாவும்தான். அவர் மறுபடி வரவில்லை.

அந்தப் பணியாளர் போவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனார். தன் நோட்டிலிருந்து எடுத்து, தம்பியைப் பற்றி ஒரு குறிப்பேடு தயாரித்தார். முதல் பக்கத்தில் அவன் புகைப்படம், நான்கு படங்களில் அவனே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அடுத்த பக்கத்தில் அவன் "ஆமாம்" என்றால் எப்படி இருக்கும், "வேண்டாம்" என்றால் எப்படி இருக்கும். அதற்கு அடுத்து, வலித்தால் என்ன செய்வான். பிடித்தவை, பிடிக்காதவை, மருந்துகள், ஒவ்வாமை. பிறந்ததும் அழவில்லை என்பதும் ஓர் ஓரத்தில் இருக்கிறது, இனி யாரும் அம்மாவிடம் கேட்க வேண்டாம் என்று. மொத்தம் பதினான்கு பக்கம்.

அவர் போய் ஐந்து வருடத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூவரிடமும் அதைக் காட்டினோம். ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த மூவரில் யாரும் இரண்டு முறைக்கு மேல் வரவில்லை.

அடுத்து யாரை அனுப்பினாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: குறிப்பேடு வாசல் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுப்பது தம்பியின் வேலை, நாங்கள் எடுத்துத் தர மாட்டோம். முதல் தடவையே கொடுத்துவிட மாட்டான். இரண்டாம் தடவையும் கொடுக்காமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா